ஆட்சி சாய்ந்த பின்: மதப் பகையும் ஊர்க்காவலும்

(புதுச்சேரியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பெற்றது.)



ஒரு சர்வாதிகாரி வீழ்ந்ததும், அதுவரை ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாவதை உலகம் அண்மைக் காலத்தில் பலமுறை பார்த்துவிட்டது. இந்தோனேசியாவில் 1998 மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். எட்டு மாதம் கழித்து அம்போன் நகரம் கிறித்தவர் பகுதி, முஸ்லிம் பகுதி என்று பிளந்து எரிந்தது. ஈராக்கில் 2003 ஏப்ரலில் சதாம் உசேனின் ஆட்சி முடிந்தது. 2006 பிப்ரவரி 22 அன்று சமாரா நகரின் பொற்கூரை வேய்ந்த அஸ்காரி பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது; அதன்பின் பாக்தாத்தில் ஷியா பேட்டை, சன்னி பேட்டை என்று எல்லை போட்டுக்கொண்டு கொன்றார்கள். சிரியாவில் 2024 டிசம்பர் 8 அன்று பஷார் அல் அசாத் நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த மார்ச்சிலேயே கடலோர மாவட்டங்களில் அலவி மக்கள் வீடுவீடாகக் கொல்லப்பட்டனர். ஐ.நா. விசாரணை ஆணையத்தின் கணக்குப்படி மாண்டோர் ஏறத்தாழ 1,400 பேர். அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள்.

இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. பகை நூற்றாண்டுகளாக இருந்தது, கொடுங்கோலன் அதை அமுக்கி வைத்திருந்தான், அவன் போனதும் அது பொங்கிவிட்டது என்பது அந்த விளக்கம். கேட்பதற்கு எளிதாக இருப்பதால் இது செல்வாக்குப் பெற்றுவிட்டது. வரலாறு இதற்கு இடம் தருவதில்லை. ஓர் ஊரில் ஒருவனுடைய உயிருக்கும் அவனுடைய வழிபாட்டிடத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறதா, இல்லையா என்பதே கலவரத்தையும் சகவாழ்வையும் தீர்மானிக்கிறது என்பது இச்சொற்பொழிவின் கருத்து. அரசின் காவல் எல்லோருக்கும் பொது என்று நம்ப முடிந்த இடத்தில், மனத்தாங்கல் உள்ளவர்களும் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். அவரவர் காவலை அவரவரே தேடிக்கொள்ள வேண்டிய நிலை வந்த இடத்தில், நண்பர்களும் எதிரிகளாகியிருக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. 1693இல் டச்சுக்காரர், 1699இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1765இல் பிரெஞ்சுக்காரர், 1778இல் ஆங்கிலேயர், 1785இல் பிரெஞ்சுக்காரர், 1793இல் ஆங்கிலேயர், 1816இல் பிரெஞ்சுக்காரர், 1954இல் இந்திய ஒன்றியம் என்று இவ்வூரின் கொடி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

1. வேதபுரீசுவரர் கோயிலும் பக்கத்து மசூதியும்

1748 செப்டம்பரில் புதுச்சேரி முற்றுகையில் இருந்தது. ஆங்கிலக் கடற்படைத் தளபதி பொஸ்காவன் படையோடு வந்து வளைத்திருந்தார். ஊருக்குள் ஆளுநர் துய்ப்ளே சொன்னதே சட்டம். ஆலோசனைச் சபை என்று ஒன்று இருந்தாலும், 1742 முதல் 1754 வரை நடந்தது ஏறக்குறைய ஒருவர் ஆட்சிதான். அந்த முற்றுகையின் நடுவில்தான் சேசு சபையாரின் சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது.

நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பொறியாளரும் பாதிரியார்களும் கொத்தர்களையும் கூலியாட்களையும் மண்வெட்டி கடப்பாரையோடு கூட்டிவந்து தென்புறச் சுவரில் வேலையைத் தொடங்கினார்கள். கோயில்காரர்கள் பிள்ளையிடம் ஓடிவந்தார்கள். அவர் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். ஊரிலுள்ள தமிழர்களில் ஆளுநருக்கு மிக நெருக்கமானவர். அவராலேயே செய்ய முடிந்தது ஒன்றுதான்: எடுத்துச் செல்லக்கூடிய திருமேனிகளையும் சாமான்களையும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொன்னார். பிறகு கேர்தூ பாதிரியார் கருவறைக்கு வந்து இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார். வாகனங்களையும் பிற உருவங்களையும் உடைக்கச் சொன்னார். இந்தக் கேர்தூ, வடமொழிக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவை மேலைநாட்டு அறிஞர்கள் பலருக்கு முன்பே கண்டு பாரிசுக்கு எழுதிய மொழியறிஞரும் ஆவார். அந்தப் படிப்பு அவருடைய கையைத் தடுக்கவில்லை.

அதே நாட்குறிப்பில், அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு செய்தியும் இருக்கிறது. கோயிலுக்கு அருகிலிருந்த மசூதியையும் இடிப்பதாக இருந்தது. சிப்பாய்களின் தலைவரான அப்துல் ரகுமான் ஆளுநரிடம் போனார். மசூதியில் கைவைத்தால் தம் சிப்பாய்களில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், எல்லோரும் சண்டையிட்டுச் சாவார்கள் என்று சொன்னார். மசூதி தப்பியது.

கோயிலுக்கும் மசூதிக்கும் ஒரே ஆளுநர், ஒரே வாரம், ஒரே தெருவோரம். முடிவுகள் மட்டும் இரண்டு. முஸ்லிம்கள் மீது துய்ப்ளேக்குப் பரிவு அதிகம் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. மசூதிக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் இருந்தார்கள், கோயிலுக்குப் பின்னால் இல்லை என்பதே வேறுபாடு.

கோயில் அதுவரை நிலைத்ததற்கும் இதுபோன்ற காரணமே இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை சேசு சபையாரிடம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இருந்துவந்தது. 1701இல் ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் அதற்கு இணங்கியபோது, நெசவாளரும் வணிகரும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் புறப்படத் திரண்டார்கள். துணி நெய்யவும் விற்கவும் ஆளில்லாமல் போனால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புதுச்சேரியால் என்ன பயன்? ஆணை பின்வாங்கப்பட்டது. 1748இல் முற்றுகைக்கு அஞ்சிக் குடிமக்கள் பலரும் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். வெளியேறுவோம் என்று மிரட்ட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சுவரில் கடப்பாரை விழுந்தது.

ஆகவே, முதல் அரை நூற்றாண்டில் இவ்வூரில் நிலவிய சகவாழ்வு பேரத்தின் மேல் நின்றது. உழைப்பை வைத்தோ ஆயுதத்தை வைத்தோ பேரம் பேச முடிந்தவரின் கோயில் நின்றது. முடியாதவரின் கோயில் விழுந்தது. பேரம் பேச எதுவுமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். 1745இல் சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறித்தவருக்கும் பறையர் கிறித்தவருக்கும் நடுவே இருந்த சுவரை எடுக்கச் சொல்லி ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியதையும் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். சுவர் போனது; சாதிக் கிறித்தவர்களின் எதிர்ப்பால் வேறு தடுப்பு வந்தது.

2. நல்லெண்ணம் மட்டும் காப்பதில்லை

மதங்களுக்கிடையே நல்ல பழக்கவழக்கங்கள் இருந்தால் கலவரம் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. தேர் இழுப்பதிலும் கந்தூரியிலும் மாதா கோயில் திருவிழாவிலும் எல்லோரும் கூடுவதைக் காட்டி அமைதிக்குக் காரணம் சொல்கிறோம். அம்போனின் அனுபவம் இந்த நம்பிக்கையை உலுக்குகிறது.

மலுக்குத் தீவுகளில் ‘பெலா’ என்ற உடன்படிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஒரு கிறித்தவ ஊரும் ஒரு முஸ்லிம் ஊரும் உறவு பூணும். மசூதி கட்டும்போது கிறித்தவர்களும் தேவாலயம் கட்டும்போது முஸ்லிம்களும் வேலைக்கு வருவார்கள். நம் ஊர்களில் உள்ள எந்த வழக்கத்தையும்விட உறுதியான ஏற்பாடு அது. 1999 ஜனவரி 19, ரம்ஜான் பெருநாள் அன்று, அம்போனில் ஒரு சிற்றுந்து ஓட்டுநருக்கும் ஓர் இளைஞருக்கும் ஏற்பட்ட தகராறு சில மணி நேரத்தில் நகரச் சண்டையாகியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். காவலர்களும் படைவீரர்களும் தத்தம் மதத்தாரோடு சேர்ந்துகொண்டார்கள் என்ற செய்தி பரவியதும், பெலா உறவு பூண்ட ஊர்களில் பல செயலற்றுப் போயின. தன் வீட்டைக் காக்கக் காவலர் வரமாட்டார் என்று தெரிந்த ஒருவன், தன் மதத்தார் நடத்தும் குழுவில்தான் போய்ச் சேருவான். எதிர்த்தரப்பிலும் அதே கணக்கு. ஒரு தரப்பு தற்காப்புக்குச் செய்யும் ஏற்பாடு மறுதரப்புக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிகிறது. 2002 பிப்ரவரியில் மலினோ உடன்பாடு கையெழுத்தான பின்னரே தீ அடங்கியது.

ஈராக்கில் இந்த நிலையை ஓர் அரசாணையே உண்டாக்கியது. 2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகம் ஈராக்கிய ராணுவத்தைக் கலைத்தது. லட்சக்கணக்கான வீரர்கள் சம்பளம் இன்றித் துப்பாக்கியோடு வீடு திரும்பினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் சதாமின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். காவல் என்ற பொதுச்சொத்து ஒரே மாதத்தில் கரைந்தது. அந்த வெற்றிடத்தில்தான் மதவாரிக் குழுக்கள் தலையெடுத்தன.

3. எண்ணிப் பிரிக்கும் ஆட்சி

கொடுங்கோன்மை விட்டுச் செல்லும் சொத்துகளில் மிக ஆபத்தானது, மக்களை மதவாரியாக எண்ணிப் பங்கு வைக்கும் பழக்கம். இதில் புதுச்சேரிக்கும் சிரியா, லெபனானுக்கும் ஒரே ஆசான்: பிரெஞ்சு அரசு.

1819 ஜனவரி 6இன் ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கு நடைமுறைக்கு வந்தன. இந்தியர்கள் மட்டும், கிறித்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும், தத்தம் சாதி வழக்கப்படியே நீதி பெறுவார்கள் என்று அதே ஆணை உறுதி தந்தது. 1748ஐப் போலக் குடிகளின் நம்பிக்கையில் இனி அரசு கைவைக்காது என்பதே இதன் உட்பொருள். பின்னாளில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநரே பிடித்து இழுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஒரு காலத்தில் கோயிலை இடிக்க ஆணையிட்ட பதவி அது. தேர்வடம் இன்றைக்குத் துணைநிலை ஆளுநரின் கைக்கு வந்திருக்கிறது.

தனிச்சட்டம் என்ற அளவில் இந்த ஏற்பாடு அமைதியைக் காத்தது. சாதி வழக்கத்திலிருந்து விடுபட விரும்பியோருக்கும் வழி பிறந்தது. ஐரோப்பியர்போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று 1873இல் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரிசு வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21இன் ஆணைப்படி எவரும் தம் தனிச்சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றானது. அப்படித் துறந்த ‘ரெனோன்சான்’களில் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி.

குடும்பச் சட்டத்துக்காக வரைந்த கோட்டை வாக்குப்பெட்டி வரை நீட்டியதுதான் பிழை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனைய இந்தியர். எண்ணிக்கைக்கும் இடங்களுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. பழைய வழக்கத்தைக் காப்போம் என்ற முழக்கத்தோடு சண்முக வேலாயுத முதலியாரின் கட்சி கால் நூற்றாண்டு ஊரைக் கைக்குள் வைத்திருந்தது. தேர்தல் நாள் தடியடி நாளாகியது. 1899இல் மூன்று பட்டியல் இரண்டானது. 1945இல்தான் ஒரே பட்டியல் வந்தது. அதற்குப் பின்னரும் தேர்தல் வன்முறை நின்றுவிடவில்லை. ஆனால் அது மதத்தின் வழியாகவோ சட்டநிலையின் வழியாகவோ ஓடாமல் கட்சியின் வழியாக ஓடியது. இந்த வேறுபாடு சிறிதன்று. கட்சியை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த மதத்தின் பெயரால் ஒருவனைக் குறிவைத்தால் அவன் தப்ப வழியில்லை.

லெபனானில் அந்த வாய்ப்பு வரவில்லை. பிரெஞ்சு ஆளுகையில் 1932இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கே அங்கு கடைசிக் கணக்கு. அதைக் கொண்டு நாடாளுமன்ற இடங்களைக் கிறித்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பிரித்தார்கள். குடியரசுத் தலைவர் மரோனியர், பிரதமர் சன்னி, அவைத் தலைவர் ஷியா என்பது 1943இன் ஏற்பாடு. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் வந்த 1989இன் தாயிஃப் உடன்பாடு விகிதத்தைச் சரிபாதியாக்கியதே தவிரப் பங்கு முறையைக் கைவிடவில்லை. சிரியாவில் அதே பிரெஞ்சு ஆளுகை அலவி, துரூசிப் பகுதிகளைத் தனி நாடுகளாக்கிப் பார்த்தது; தன் படைக்குச் சிறுபான்மையினரிடமிருந்து மிகுதியாக ஆளெடுத்தது. பின்னாளில் படையில் ஓங்கியிருந்த அலவி அதிகாரிகளின் வழியாகவே அசாத் குடும்பம் ஆட்சிக்கு வந்தது. ஆட்சி சாய்ந்ததும், ஒருபோதும் அதிகாரத்தைக் கண்ணால் பாராத அலவி விவசாயிகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஈராக்கில் 2003 ஜூலையில் அமைத்த ஆட்சிக்குழுவில் 25 பேர். ஷியாக்கள் 13, சன்னி அரபியர் 5, குர்தியர் 5, துருக்மேனியர் 1, அசிரியக் கிறித்தவர் 1. எல்லோருக்கும் இடம் தரும் நல்ல நோக்கம்தான். ஆனால், இனி அரசிடம் எதையும் கேட்பதற்கு முன் நீ எந்த மதப்பிரிவு என்று சொல்லவேண்டும் என்பதை அந்தக் கணக்கு நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது.

4. 1954: பழைய ஆட்களை என்ன செய்வது?

புதுச்சேரியில் 1947க்கும் 1954க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1947 ஆகஸ்ட் 15 அன்று அரவிந்தர் ஆசிரமம் தாக்கப்பட்டு, ஆசிரமவாசி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். எதுவார் குபேரின் சோசலிஸ்டுக் கட்சி பிரெஞ்சு நிர்வாகத்தின் நிழலில் வளர்ந்தது. இந்தியாவோடு இணைப்பை ஆதரித்தவர்கள் அடியாட்களிடம் உதைபட்டார்கள். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950 ஜனவரியில் கொளுத்தப்பட்டது. 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள், நேர்மையான வாக்கெடுப்புக்கான சூழல் இங்கு இல்லை என்று கண்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஆட்சி மாற்றம் மதக் கலவரமாகத் திரியவில்லை. ஒரு காரணம், ஊரின் அமைப்புகள் மதத்தைக் கடந்து கட்டப்பட்டிருந்தன. சவானா, ரோடியர் முதலான ஆலைகளில் தொழிலாளர்கள் ஆலைவாரியாகச் சங்கமானார்கள். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் இறந்ததற்குப் பின் எட்டுமணி நேர வேலையைப் பெற்றுத்தந்த சங்கங்கள் அவை. இந்திய நகரங்களை ஆராய்ந்த அசுதோஷ் வார்ஷ்ணே, மதங்களைக் கடந்த சங்கங்கள் வலுவாக உள்ள ஊர்களில் வதந்தி கலவரமாவதில்லை என்று காட்டினார். அவர் எடுத்துக்காட்டிய கோழிக்கோட்டோடு புதுச்சேரியையும் வைத்துப் பார்க்க இடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம், விவாதத்துக்கும் உரியது. பழைய ஆட்சியின் ஆட்கள் வெளியே தள்ளப்படவில்லை. 1954 மார்ச்சில் குபேர் கட்சி மாறி இணைப்பை ஆதரித்தார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு தோன்றியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று கொடி மாறியது. அலுவலர்கள் வேலையில் தொடர்ந்தார்கள், நீதிமன்றங்கள் இயங்கின. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தந்தது. இந்து திருமணச் சட்டம் இங்கு விரிவுபடுத்தப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்கு விலக்கு இருந்தது. நேற்றுவரை ஆட்சிக்கு நெருக்கமாயிருந்த ஒரு சிறுபான்மை, நாளைக்கு நம் கதி என்ன என்று அஞ்சிக் கூட்டம் சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை. சிரியாவின் அலவிகளுக்கும் ஈராக்கின் சன்னிகளுக்கும் கிடைக்காமல் போனது இதுதான்.

5. கொடுத்த விலை

இந்த வழிக்கு விலை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. உதைபட்டவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் நீதி கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அடித்தவர்களின் தலைவரே 1963இல் முதலமைச்சரானார். பழிவாங்கலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் குற்றம் விசாரிக்கப்பட வேண்டும் என்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. புதுச்சேரி முதலாவதைச் செய்தது, இரண்டாவதை விட்டுவிட்டது. சட்டப்படியான விசாரணையே நடவாத இடத்தில், பாதிக்கப்பட்டோர் பெயரால் வேறு சிலர் கத்தியை எடுப்பார்கள் என்பதைச் சிரியாவின் கடலோரம் காட்டிவிட்டது. இங்கு அது நேராமல் போனதற்கு, பகை கட்சிப் பகையாக இருந்ததும், தோற்றவருக்கு அடுத்த தேர்தல் திறந்திருந்ததும் துணைசெய்தன.

அந்தத் திறந்த வாயில் உண்மையானது. 2011 கணக்குப்படி ஒன்றியப் பகுதியின் மக்களில் இந்துக்கள் 87 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கிறித்தவரும் முஸ்லிம்களும் தலா ஆறு விழுக்காட்டை ஒட்டியிருக்கிறார்கள். சட்டப்பேரவையின் 30 தேர்தல் தொகுதிகளில் ஐந்து பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. மதத்துக்கென்று ஓர் இடமும் இல்லை. இந்தப் பேரவையில்தான் ஐரோப்பியக் கலப்புக் குடும்பத்துக் கிறித்தவரான குபேர் முதலமைச்சரானார். காரைக்காலைச் சேர்ந்த எம்.ஓ.எச். பரூக் 1967இல் தொடங்கி மூன்று முறை அப்பொறுப்பை ஏற்றார். எந்தப் பங்குக் கணக்கும் இவர்களை அங்கு உட்காரவைக்கவில்லை. 1969இல் பரூக் அமைத்த கூட்டணி அமைச்சரவையில், வீட்டைத் தீயில் இழந்த வ. சுப்பையாவும் அமைச்சராக இருந்தார்.